தேங்காய் சரியாகத்தான் வந்தது

பிப்ரவரி 9, திங்கள்

ஞாயிறு மலர் ஆசிரியர் கேட்ட கட்டுரைக்காக இன்று பீளமேட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை யாராவது இப்படிக் கூப்பிடுகிறார்கள். போகாமல் இருக்க முடிவதில்லை.

ஒரு பொறியியல் கல்லூரியின் பின்புறம், பழைய லேத் பட்டறைக் கொட்டகை. அதற்குள் ஒரு எம்.ஆர்.ஐ. மெஷின் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கும் எம்.ஆர்.ஐ.க்குத் தனி அறை வேண்டும், சுவரெல்லாம் செம்புத் தகடு வேண்டும், காந்தத்தைக் குளிர வைக்க ஹீலியம் வேண்டும். சாவிக்கொத்தோடு உள்ளே போனால் அது கையை விட்டுப் பறந்து மெஷினில் ஒட்டும். இங்கே இருப்பது ஒரு டிரம். தண்ணீர் டிரம்மைப் படுக்கப்போட்டு இரண்டு பக்கமும் திறந்துவிட்டது போல. அதன் சுவருக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய காந்தங்கள் மூவாயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் கணக்குப்போட்ட திசையில் திருப்பி ஒட்டப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் பெரிய மெஷினின் காந்த பலத்தில் முப்பதில் ஒரு பங்குதான். சாதாரண பிளக்கில் சொருகினால் ஓடுகிறது. சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

செய்கிறவர் ஹபீபா, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், கோட்டைமேட்டுக்காரர். உடன் இருப்பவர் தங்கராசு, பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தவர். என் பெயரைச் சொன்னதும் தங்கராசு, பேப்பரில் நாச்சிமுத்து என்று போடுவார்களே, அது நீங்களா, அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

ஹபீபாவின் விளக்கம்: உடம்பிலுள்ள தண்ணீரின் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் பதில் சொல்லும். காந்தம் பலமாக இருந்தால் உரக்கச் சொல்லும், பலவீனமாக இருந்தால் முணுமுணுக்கும். "நாங்க முணுமுணுப்பைக் கேக்கறோம் சார், அவ்வளவுதான்."

தலைப்புக்கு ஆகும்.

புதுச் செருப்பு சரியில்லை. அடிப்பாகம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. கொட்டகை வாசலில் தடுக்கினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மகள் தாரணி பெங்களூரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள், அந்தக் கவனத்தில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிவிட்டது. சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

பெரிய மெஷின் ஊரெங்கும் இருக்கும்போது இந்த முணுமுணுப்பு யாருக்கு வேண்டும்? இதைக் கேட்கத்தான் இன்று போனேன். ஹபீபா கோபப்படவில்லை. ஐ.சி.யூ.வில் குழாய்களோடு கிடப்பவரைக் கட்டிலை விட்டு எடுக்க முடியாது, மெஷின் அவரிடம் போக வேண்டும். உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவரைப் பெரிய மெஷினுக்குள் அனுப்பத் தயங்குவார்கள். கூடலூர்ப் பக்கம் மலைமேல் ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே தலை வீங்கிய குழந்தை வந்தால் மூளைக்குள் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் இந்த மெஷின் போகப்போகிறது. மார்ச் ஒன்பதாம் தேதி மருத்துவர் குழு வந்து பார்த்துச் சரி என்றால்.

படம் பொரிகடலை சிதறியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஆனாலும் மண்டை, மூளை, அதன் நடுவில் நீர் நிற்கும் அறைகள் எல்லாம் தெரிகின்றன. மற்றதைவிட நீர் நன்றாகத் தெரிகிறது.

காலை வேளையில் மட்டும் படத்தின் குறுக்கே கோடுகள் விழுந்தன. தங்கராசு மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தார். கோடு போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் நான் கொட்டகையைச் சுற்றி நடந்தேன். பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஹாஸ்டல் மெஸ். இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள், அண்டா அளவு கிரைண்டர். நிறுத்தச் சொன்னேன். உள்ளேயிருந்து ஹபீபா, கோடு போய்விட்டது என்று கூப்பிட்டார்.

இனி சாயங்காலம்தான் மாவாட்டுவது என்று மெஸ்காரரோடு பேசி முடித்தாயிற்று. ஒரு கோடு தெரிந்தால் எங்கோ ஒரு மாவு அரைகிறது என்று அர்த்தம். நாற்பது வருடம் நான் பார்த்த வேலையும் இதுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தாரணி கூப்பிட்டாள். இரண்டு வாரமாக ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்றேன். பெங்களூர் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறதாம், பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறதாம். கட்டுரை முடியட்டும் என்றேன்.

என் கூடப்பிறந்த சுப்பண்ணனையும் இப்படித்தான் மகன் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். கடைசி இரண்டு வருடம் அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது. அண்ணன் தெருவில் இறங்கிப் போய்விடுவார் என்று போட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது. நான் போனபோது என்னைத் தபால்காரர் என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

பிப்ரவரி 18, புதன்

நல்ல நிலையில் இருப்பவர்களின் தலையைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் மெஷினைச் சரிபார்க்க வேண்டும். மாணவர்கள் தலை நிறையக் கிடைக்கிறது. அறுபது தாண்டியவர்கள் வருவதில்லை. என் தலை இருக்கிறதே என்றேன். எழுதப்போவதை ஒருமுறை அனுபவித்துவிடுவது என் வழக்கம், முன்பு ஒருமுறை சாக்கடை அடைப்பைப் பற்றி எழுத மூடியைத் திறந்து உள்ளேயே இறங்கியிருக்கிறேன்.

ஒப்புதல் தாளில் கையெழுத்து. மோதிரத்தைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். தலை மட்டும் டிரம்முக்குள். பெரிய மெஷினில் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். இதில் பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போடுகிற அளவுக்குத்தான். பாதியில் தூங்கிவிட்டேன்.

எழுந்ததும் அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே குழாய் பழுது, தண்ணீர் தெறித்து வேட்டி நனைந்துவிட்டது. ஆட்டோவில் திரும்பினேன்.

கிளம்பும்போது ஹபீபா திரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியது தெரிந்தது. கேட்டேன். "மெஷின் ஏதோ பண்ணுது சார்" என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

என் தலைப் படம் கோணலாக வந்திருக்கிறது. நடுவில் உள்ள நீர் அறைகள் இருக்க வேண்டிய அளவைவிட மிகப் பெரிதாக, ஆட்டுக்கிடாயின் கொம்பு போல இரண்டு பக்கமும் விரிந்து தெரிகின்றன. சிறிய காந்தத்தில் இப்படி நேருமாம். டிரம்முக்குள் காந்த பலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, அதனால் படம் சில இடத்தில் இழுபடும், ரப்பர் ஷீட்டில் வரைந்துவிட்டு இழுத்தது போல. வெயில் ஏறினால் காந்தமும் கொஞ்சம் மாறும்.

இங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. மாதக் கடைசியில் நரம்பியல் டாக்டர் மீனலோசனி எல்லாப் படங்களையும் பார்க்கிறார். அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால் கோணலான படங்களை இவர்களே முன்கூட்டி எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறார்கள். அந்த ஃபோல்டருக்குப் பெயர் 'ரிப்பேர்'. என் தலை ரிப்பேரில் இருக்கிறது. தங்கராசு இதை மூன்று முறை சொல்லிச் சிரித்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று புதிதாகத் தெரிந்துகொண்டது: இந்த மெஷினின் காந்த பலம் பெரிய மெஷினில் முப்பதில் ஒரு பங்குதான். கட்டுரையில் அவசியம் சேர்க்க வேண்டும். ஹபீபா பொறுமையாகச் சொன்னார், பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கட்டிலோரம் வைத்திருந்த செம்பு கவிழ்ந்து போர்வை நனைந்துவிட்டது. ருக்குமணி துவைக்க வருவதற்குள் நானே அலசிக் காயப்போட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மறுபடி படுத்தேன். மறுபடி அதே கொம்பு.

ஹபீபா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கராசு சொன்னார். ஒரு தலையில் இத்தனை கோணல் வந்தால் மலைமேல் வரும் குழந்தையின் தலையில் வராது என்று எப்படிச் சொல்வது? நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே மெஷின்? இல்லாத நீரைக் காட்டினால் குழந்தையின் மண்டையைத் துளைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மெஷினை அனுப்புவதைவிட உடைத்துப் போடலாம் என்கிறார் ஹபீபா. குழு வர இரண்டு வாரம்தான் இருக்கிறது. காந்தங்கள் ஒட்டிய வளையங்களைக் கழற்றி மறுபடி அடுக்க மாதக் கணக்கில் ஆகும், இந்த முறை தவறினால் அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது.

மெஷினிலிருந்து இறங்கி முதல் அடி எடுத்து வைக்கக் கொஞ்சம் நேரமானது. தங்கராசு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்ணா, எங்க காந்தம் உங்க காலைப் புடிச்சு இழுக்குதாட்டருக்குது?"

செருப்பைச் சொன்னேன். வெறுங்காலோடதானே நிக்கறீங்க என்றார்.

பிப்ரவரி 25, புதன்

தங்கராசு வீட்டுத் தோப்பிலிருந்து ஒரு தேங்காய் கொண்டுவந்தார். மட்டை உரித்தது, உள்ளே நீர் குலுங்குவது. வழக்கமாக எண்ணெய் பாட்டிலை வைத்துப் பார்ப்பார்கள். தலை அளவுக்கு, வெளியே ஓடு, உள்ளே நீர் என்று வேண்டுமென்றால் தேங்காயைவிட என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

டிரம்முக்குள் தேங்காய் போனது. திரையில் ஒரு கரிய வளையம், அதற்குள் பருப்பு, அதற்குள் நீர் பளிச்சென்று. அழகாக இருந்தது, மேகம் மூடிய நிலா போல என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு வெளியே எடுத்து, நடுவில் ரம்பத்தால் அறுத்து, உள்ளே நீர் இருந்த குழியை வெர்னியர் அளவுகோலால் அளந்தார்கள். திரையில் வந்த அளவும் கையில் வந்த அளவும் ஒன்று. வேறு இடத்தில் வைத்து இன்னொரு காய். அதுவும் ஒன்று. தேங்காய் சரியாகத்தான் வந்தது. இரண்டு காயையும் வெல்லத்தோடு தின்று முடித்தோம்.

தங்கராசு தலை சரியாக வந்தது. மாணவர்கள் தலையும் அப்படியே. ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கு அறுபத்தேழு வயது, அவர் தலையும் சரி.

என் தலை மட்டும் ஏன் என்று கேட்டேன். என் மண்டை பெரிதாக இருக்கலாம், ஓரத்துக்குப் போனால் இழுபடும் என்றார் ஹபீபா. நூலால் சுற்றி அளந்தோம். தங்கராசு மண்டைதான் என்னுடையதைவிடப் பெரிது. அதற்கும் அவர், உள்ளே சரக்கு இருக்கிறதல்லவா என்றார்.

ஹபீபா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வளையங்களைக் கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோடு விழுந்தால் எங்கோ மாவு அரைய வேண்டும். இந்தக் கொம்புக்கு எங்கே கிரைண்டர்?

பிப்ரவரி 26, வியாழன்

கட்டுரையின் முதல் பத்தியை எழுதினேன். நன்றாக வந்தது. எடுத்து வைக்கப்போனபோது மேசையில் நேற்று எழுதிய தாள் இருந்தது. அதே பத்தி. ஒரு சொல் மாறவில்லை.

தேதி தெரியவில்லை, சனியாக இருக்கலாம்

காலண்டரில் தாள் கிழிக்கவில்லை. செம்பு கவிழ்ந்தது.

மார்ச் 1, ஞாயிறு

பேப்பர் வாங்கப் போய்த் தெருமுனையில் விழுந்தேன். கல் தடுக்கியது. முழங்கை சிராய்ப்பு.

ருக்குமணி மஞ்சள் அரைத்துப் போட்டாள். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறாள், தேவைக்கு மேல் பேசாதவள். இன்று போர்வையை மடித்துக்கொண்டே, எந்தக் கல் ஐயா என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். போர்வை மறுபடி ஈரமாக இருக்கிறது, செம்பு கவிழ்ந்துவிட்டது என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "செம்பை நான் போன வாரமே எடுத்து அடுக்களைல வச்சுட்டனுங்கையா. கட்டிலோரம் செம்பே இல்ல."

பிறகு பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

தாரணி கூப்பிட்டாள். சௌக்கியம் என்றேன்.

நாளை காலை திருப்புளியோடு தங்கராசு நிற்பார். மெஷின் கோணல் என்றால் நான் நன்றாக இருக்கிறேன். மெஷின் சரி என்றால் நான் போய்ச் சேருவது அந்த மாடி அறை. கழற்றட்டுமே என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டர் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டார்.

மலைமேல் தலை வீங்கிய ஒரு குழந்தையை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு யாரோ இறங்கி வருவார்கள். அதுவும் கண்முன் வந்தது.

மார்ச் 2, திங்கள்

ஆட்டோ தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது டிரம்மின் வெளிமூடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். தங்கராசு முதல் வளையத்தின் திருகாணியில் திருப்புளியை வைத்திருந்தார்.

"கழட்டாதீங்க" என்றேன். "அம்மிணி, படம் சரி."

தேங்காயை வைத்துச் சொல்கிறேன் என்று நினைத்து, சார், தேங்காய்க்கும் தலைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஹபீபா ஆரம்பித்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். செய்தி சொல்வது போலச் சொல்ல முயன்றேன், முக்கியமானது முதலில். கால் தரையை விட்டு எழ மறுக்கிறது. சிறுநீர் அடங்குவதில்லை. சொன்னது தங்குவதில்லை. தை மாதத்துக்கு முன்பிருந்தே இப்படி.

"முப்பதில் ஒரு பங்குன்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன்?"

ஹபீபா மெதுவாக, "நாலு தடவை சார்" என்றார்.

தங்கராசு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காலைப் பற்றிக் கேலி பண்ணினேனே என்றார். நீங்கள் ஒருத்தர்தான் சரியாகப் பார்த்தீர்கள் என்றேன்.

ஹபீபா கணினியின் முன் நின்றார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "உங்க படத்தை நான்தான் சார் ரிப்பேர்ல போட்டேன். ரெண்டு தடவை. மெஷின் தப்பு பண்ணுதுன்னுதான் தோணுச்சு. ஆளைப் பார்க்கணும்னு தோணவே இல்லை."

"நானுந்தான் செருப்பு, செம்புன்னு போட்டு வச்சிருந்தேன்" என்றேன்.

என் கண்ணெதிரே ரிப்பேரிலிருந்த இரண்டு படங்களும் டாக்டர் மீனலோசனிக்குப் போயின. அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார், ஹபீபாவை அல்ல, என்னை.

தங்கராசு மூடியை மறுபடி மாட்டினார்.

மார்ச் 4, புதன்

டாக்டர் மீனலோசனி என்னை நடக்கச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். நேராகப் போவதில் அவ்வளவு சிரமம் இல்லை. திரும்பும் இடத்தில்தான் கால்கள் வேர் பிடித்துக்கொண்டன. சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, கடிகார முள் போலச் சுற்றித்தான் திரும்ப முடிந்தது. இந்த நடைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம், காந்த நடை. தரைக்குள்ளிருந்து காந்தம் பிடித்துக்கொள்வது போல இருப்பதால். தங்கராசு சொன்னதைச் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டார்.

மூளையைச் சுற்றி எப்போதும் நீர் ஊறும், வடியும். சிலருக்கு வயதான பிறகு வடிவது குறைந்து உள் அறைகளில் தேங்கும். அறைகள் விரியும். நடை, சிறுநீர், நினைவு மூன்றும் கெடும். எனக்கு அதுவாக இருக்கலாம். பெரிய மெஷினில் ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு நடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால், நீரை வயிற்றுப் பக்கம் வடியவிட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைக்கலாம். எல்லோருக்கும் பலிக்காது. பலித்தாலும் நினைவு முழுக்கத் திரும்பும் என்று உறுதி தர முடியாது.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "என் அண்ணனுக்கும் இதுவாத்தான் இருந்துச்சா, டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "தெரியாதுங்க. அவருக்கு யாரும் படம் எடுக்கலையே."

எடுக்கவில்லை. வயசாகிவிட்டது என்றோம்.

மார்ச் 6, வெள்ளி

தாரணி வந்துவிட்டாள். நானே போன் செய்து சொன்னேன். வாசலில் பையைக்கூட இறக்கவில்லை. "நெட்வொர்க்குன்னு எங்கிட்டயேவாப்பா?" என்றாள். பிறகு ருக்குமணியும் அவளும் அடுக்களையில் நெடுநேரம் பேசினார்கள். நான் கேட்காதது போல பேப்பர் படித்தேன்.

மாடி அறையைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெளியே போய் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

பெரிய மெஷின் இன்று ஆயிற்று. சம்மட்டிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

குழு வந்துபோனது. என்னால் போக முடியவில்லை, தங்கராசு போனில் சொன்னார். டாக்டர் மீனலோசனி என்னிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்த இரண்டு படங்களைச் சுவரில் போட்டிருக்கிறார், பெரிய மெஷினில் என் தலை, சின்ன மெஷினில் என் தலை. ஒன்று கல்யாண ஃபோட்டோ போல, ஒன்று பழைய பேப்பரில் அச்சான ஃபோட்டோ போல. கொம்பு இரண்டிலும் ஒரே அளவு.

மெஷின் மலைக்குப் போகிறது. இனி கோணலான படத்தையும் டாக்டரே பார்ப்பது என்று மாற்றிவிட்டார்களாம். ரிப்பேர் ஃபோல்டரை எடுத்துவிட்டார்கள்.

"உங்க மண்டைதாங்ணா பாஸ் பண்ணுச்சு" என்றார் தங்கராசு.

மார்ச் 12, வியாழன்

காலையில் முதுகில் ஊசி. எடுத்த நீரைக் காட்டச் சொன்னேன். சோதனைக் குழாயில் வெறும் தண்ணீர் போலவே இருந்தது, நிறமே இல்லை. இவ்வளவையும் செய்தது இதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நர்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.

சில மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் நடக்கச் சொன்னார்கள். அதே வராந்தா. ஒரு பக்கம் தாரணி, மறுபக்கம் நர்ஸ். எழுந்தேன். காலைத் தூக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் கால் போய்விட்டது. நர்ஸின் கை என் முழங்கையிலிருந்து எப்போது எடுபட்டது என்று தெரியவில்லை. கடைசி ஜன்னல் வரை போய், சுவரைப் பிடிக்காமல் ஒரே வீச்சில் திரும்பினேன்.

"அப்பா, மெதுவா" என்றாள் தாரணி. "மெதுவா நடங்கப்பா."

இதை யாரும் என்னிடம் சொல்லி எத்தனை காலமாயிற்று.

மார்ச் 13, வெள்ளி

சாயங்காலம் கால் மறுபடி கொஞ்சம் கனத்தது. நீர் ஊறிக்கொண்டுதானே இருக்கும். எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று.

மலர் ஆசிரியரிடம் கட்டுரையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். செய்திக்குள் இருப்பவன் செய்தியை எழுதக் கூடாது. சேகரித்த குறிப்புகளையெல்லாம் அனுப்பினேன். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு, இது நன்றாக இருக்கிறதே, இரண்டு பிரதி வந்திருக்கிறது என்றார். ஒன்று போதும் என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

குழாய் வைத்துப் பத்து நாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பொத்தான் போல ஒரு வால்வு தட்டுப்படுகிறது. எவ்வளவு நீர் வடிய வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒரு காந்தத்தால் திருப்பித்தான் வைக்கிறார்கள். அதனால் பலமான காந்தம் எதன் பக்கமும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

எனவே இன்று மெஷினை வேனில் ஏற்றியபோது நான் கொட்டகைக்குள் போகவில்லை. எதிரே மெஸ் வாசலில் நின்று பார்த்தேன். ஹபீபா அங்கிருந்து கையை ஆட்டினார். தங்கராசு ரோட்டைக் கடந்து வந்து, எங்களை இப்படி ஒதுக்கி வைத்துவிட்டீர்களே என்று சொல்லி ஒரு தேங்காயைக் கையில் கொடுத்தார். குலுக்கிப் பார்த்தேன். நீர் இருந்தது.

காந்தம் பெரிய மெஷினில் எத்தனையில் ஒரு பங்கு என்று திடீரென்று அவர் கேட்டார். சொன்னேன். "பரவால்லீங்ணா" என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தாரணி நேற்று ஊருக்குப் போனாள். தினமும் காலையில் போன் செய்ய வேண்டும் என்பது பேச்சு. செய்தேன். சில பெயர்கள் இன்னும் வர நேரமாகிறது, அவளிடம் அதையும் சொன்னேன்.

ருக்குமணியிடம் செம்பை மறுபடி கட்டிலோரம் வைக்கச் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் பார்த்தேன். பாதி குடித்திருக்கிறேன். மீதிப் பாதி செம்பிலேயே இருந்தது.